எட்டு பெரிது, நூறு சிறிது

தேர்ச்சிப் பட்டியலில் முதல் இடத்தைப் பிடித்தவருக்குப் பெயர் இல்லை. ஊர் இல்லை. தகப்பனார் பெயரும் இல்லை. ஆனாலும் தேறியிருந்தார். சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்கு வெல்டராகப் போகத் தகுதியானவர் என்று கீழே கையெழுத்தும் முத்திரையும் விழுந்திருந்தன.

பரணிதரன் அந்த ஜெராக்ஸை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தான். முதல் வரி வெள்ளை வெளேரென்றுதான் இருந்தது.

"கொடுத்து வெச்ச ஆளு சார். பேரே இல்லாம பாஸாயிருக்காரு. எனக்குப் பேரு, நம்பரு, போட்டோ எல்லாம் இருந்தும் மூணு அரியர்."

"நீ கொஞ்சம் சும்மா இருடா," என்றார் மதலைமுத்து.

மதலைமுத்து துப்பறியும் நிலையம் தஞ்சாவூர் கீழவாசலில், ஒரு குடைக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. மழை இல்லாததால் குடைக்கடைக்காரரும், ஊரில் எல்லாக் குற்றங்களும் பட்டப்பகலில் பகிரங்கமாகவே நடந்துவிடுவதால் மதலைமுத்துவும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு காலம் தள்ளினார்கள். வெளிநாட்டு மாப்பிள்ளை விசாரணைதான் சோறு போட்டது. துபாயில் சூப்பர்வைசர் என்று ஜாதகத்தோடு வந்தவர் அங்கே எதை மேற்பார்வை பார்க்கிறார் என்று விசாரித்துச் சொல்வது. பெரும்பாலும் கார் கழுவும் பக்கெட்டை. பரணி புள்ளியியல் படித்தவன். அந்தப் படிப்பை நம்பி வேலை கொடுத்த ஒரே மனிதர் மதலைமுத்து. அவருக்கும் புள்ளியியல் என்றால் என்னவென்று தெரியாது.

எதிர் நாற்காலியில் அம்சவல்லி இருந்தாள். திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் அவள் விரல் வழியாகத்தான் ஊருக்குப் போகும். அழுது முடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று கண்கள் சொல்லின. இனி அழுவதாக இல்லை என்று குரல் சொன்னது.

"எங்க வீட்டுக்காரர் பேரு அரசப்பன் சார். வெல்டிங் டெஸ்ட்ல நூத்துக்கு நூறு. ஃபெயிலுன்னு போட்டுட்டாங்க. நன்னிலத்துப் பக்கம் கோவிந்தராசுன்னு ஒரு பையன். நூத்துக்கு எட்டு. அவன் பாஸு."

"மார்க்கு உங்களுக்கு எப்படித் தெரியும்மா?"

"நாந்தானே சார் டைப் அடிச்சேன்? அந்த ட்ரெயினிங் சென்டர் வேலையெல்லாம் எங்கிட்டதான் வரும். டெஸ்ட் வெச்ச இஞ்சினீயர் கையால எழுதிக் குடுத்தாரு, நான் அடிச்சு ஃப்ளாப்பியில குடுத்தேன். அறுவது எடுத்தா பாஸ். பாஸ் யாரு, ஃபெயில் யாருன்னு பிரிச்சது அங்க வேலை பாக்குற கிளாட்சன்னு ஒரு தம்பி. அவன்தான் சார் காசுக்குக் கைநீட்டிட்டான்."

"எட்டு மார்க் வாங்கணும்னா வெல்டிங் ராடைக் காதுல சொருகிக்கிட்டே டெஸ்ட்டை முடிச்சிருக்கணும்," என்றான் பரணி. "மேல இருக்கிற வெத்து வரி எதுக்குங்க?"

"இன்னும் வெலை போகாத சீட்டுன்னு பேசிக்கிறாங்க."

மதலைமுத்து அவளையே பார்த்தார். "இந்த தடவை இல்லைன்னா அடுத்த தடவை போகக்கூடாதா?"

"அடுத்த மாசம் அவருக்கு முப்பத்தஞ்சு முடியுது சார். அதுக்கு மேல எந்தக் கம்பெனியும் எடுக்காது. ஆத்துல தண்ணி வந்தா நான் எதுக்கு அவரை அனுப்பறேன்? மேட்டூர் திறக்கல. குத்தகை நெலத்தைத் திருப்பிக் குடுத்துட்டு டிராக்டர் பட்டறையில போயி நின்னாரு. மீசை முளைக்காத பசங்ககிட்ட திட்டு வாங்கி வெல்டிங் கத்துக்கிட்டாரு." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "சென்டர் ஓனர் ரெமிஜியஸ் சாரைப் பாத்தேன். லிஸ்டு சிங்கப்பூருக்குப் போயிருச்சாம். லஞ்சம் குடுத்து வந்தவன்னு நிரூபிச்சா மட்டும் ஒரு பேரை அடிச்சு இன்னொரு பேரை எழுதலாமாம். அதுவும் இன்னிக்கு சாயந்திரம் வரைக்கும்தான்."

மதலைமுத்து புதுத்தாள் ஒன்றை எடுத்தார். எந்தத் தாளைத் தொட்டாலும் செய்வதுபோல உச்சியில் சின்னதாக ஒரு சிலுவை போட்டார். கீழே 'லஞ்சம்' என்று எழுதி அடிக்கோடிட்டார்.

"நீங்க கடைக்குப் போங்கம்மா. ஆதாரத்தோட வர்றேன்."

கிளாட்சன் மானம்புச்சாவடியில் ஒரு மாடி அறையில் இருந்தான். புகார் வந்ததும் சென்டர் அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தது. ஒரு பாய், ஒரு பைபிள், சென்டர் கணக்கையும் அவன் போடும், பெரிய முதுகு வைத்த ஒரு பழைய கம்ப்யூட்டர், கொடியில் ஒரே ஒரு நல்ல சட்டை.

"லஞ்சம் வாங்கினவன் இன்னொரு சட்டையாவது வாங்கியிருப்பான் சார்," என்று பரணி காதில் முணுமுணுத்தான்.

"கட்டிலுக்கு அடியில பாரு."

"கட்டிலே இல்ல சார்."

கிளாட்சனுக்கு மூன்று நாள் தாடி. "நான் யாரையும் கையால பொறுக்கல சார். பேரைக்கூடப் படிக்கல. இது புள்ளியியல் புரோகிராம், இனாமா கிடைக்குது. மார்க்கு எல்லாம் ஒரு வரிசையா இருக்கும். அதுக்குப் பக்கத்துல இந்தக் குறியைப் போட்டு அறுபதுன்னு அடிச்சா, வரிசையில இருக்கிற அத்தனை பேரையும் ஒரே மூச்சுல அறுபதோட ஒப்பிட்டுடும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா ஆமாம், இல்லைன்னு பதில் வரும். ஆமாம்னு வந்தவங்க பாஸ். அவ்வளவுதான் நான் செஞ்சது."

திரையில் அவன் விரல் காட்டிய இடத்தில் அந்த வரி இருந்தது: mark >= 60.

"அத்தனை குடும்பத்துத் தலையெழுத்தும் அரை வரியில," என்றான் பரணி. "பிரம்மாகூட ஆளுக்கு ஒரு வரி எழுதுவாரு."

மதலைமுத்துவுக்குக் குறியில் அக்கறை இல்லை. "எட்டு மார்க்குக்காரன் மாதிரி வேற யாரு பாஸாயிருக்கான்? படி."

கிளாட்சன் படித்தான். ஏழு எடுத்தவன் ஒருவன் பாஸ். ஒன்பது எடுத்தவன் பாஸ். ஆறு எடுத்தவன் ஃபெயில். நூறு எடுத்த அரசப்பன் ஃபெயில். மற்றவர்கள் எல்லாம் ஒழுங்காக அறுபதுக்கு மேல் பாஸ், கீழே ஃபெயில்.

மதலைமுத்து காதைச் சொறிந்தார். அவர் யோசிக்கிறார் என்பதற்கு அது ஒன்றுதான் அடையாளம்.

"எனக்கு இது இடிக்குதுடா. ஆறு மார்க்குக்காரன் குடுக்கல, ஏழு மார்க்குக்காரன் குடுத்துட்டான், சரி. நூறு எடுத்தவனை எதுக்குத் தூக்கணும்? எடம் வேணும்னா அறுபத்தொண்ணு எடுத்தவனைத் தூக்கினா ஒருத்தனும் கேட்க மாட்டான். திருடன் உண்டியலை விட்டுட்டு நேரா மூலவர் கிரீடத்துலயா கையை வைப்பான்?"

"ஒண்ணு அவன் முட்டாள் திருடனா இருக்கணும்," என்றான் பரணி, "இல்ல திருடனே இல்லாம இருக்கணும். கிளாட்சன், அந்த மார்க்கு வரிசையை மட்டும் தனியா எடுங்க. பேரு, ஊரு எதுவும் வேண்டாம்."

கிளாட்சன் எடுத்தான். பரணி திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தான். நெடுநேரம் அவன் வாயிலிருந்து எதுவும் வராததால் மதலைமுத்துவுக்குக் கவலை வந்துவிட்டது.

"சார், ஒவ்வொரு மார்க்குக்கும் ரெண்டு பக்கமும் கொம்பு முளைச்சிருக்கு பாருங்க."

இருந்தது. "72", "8", "100". எல்லா எண்களும் மேற்கோள் குறிக்குள் உட்கார்ந்திருந்தன. கிளாட்சனின் முகம் மெல்ல வெளுத்தது. புள்ளியியல் தெரிந்தவனுக்கு அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர் ஒருவர் அறையில் இருந்தார்.

"என்னடா கொம்பு?"

"இதெல்லாம் எண்ணு இல்ல சார். எழுத்து. கம்ப்யூட்டர் இதை மார்க்குன்னு நினைக்கல, பேரு மாதிரி நினைச்சிருக்கு. எண்ணா இருந்தா எட்டு சின்னது, நூறு பெரிசு. எழுத்துன்னா அகராதிக் கணக்கு. மொதல் எழுத்தைத்தான் பாக்கும். எட்டுக்கும் அறுபதுக்கும் போட்டின்னா, 8-க்கும் 6-க்கும் சண்டை. எட்டு ஜெயிச்சிடுச்சு. ஏழும் ஒன்பதும் அப்படித்தான். நூறோட மொதல் எழுத்து 1. வாசல்லயே அவுட்டு."

"ஆறு?"

"ஆறுக்கும் அறுபதுக்கும் மொதல் எழுத்து ஒரே 6. ரெண்டாவது எழுத்து அறுபதுகிட்ட இருக்கு, ஆறுகிட்ட இல்ல. பாவம், ஒரு சைபர்ல போச்சு."

மதலைமுத்து கிளாட்சனைப் பார்த்தார். அவன் பாயில் உட்கார்ந்துவிட்டிருந்தான். "பேருங்க குழம்பக்கூடாதேன்னு, எழுத்தை எழுத்தாவே வெச்சுக்கன்னு நாந்தான் சார் சொல்லி வெச்சேன். ஆனா மார்க்கை எழுத்தா மாத்தச் சொல்லல."

"பின்ன யாரு மாத்தினது?"

"வரிசையில ஒரே ஒரு எழுத்து இருந்தாப் போதும் சார்," என்றான் பரணி. "பந்தியில நடுவுல ஒருத்தர் எழுந்துட்டா மரியாதைக்கு எல்லாரும் எழுந்துக்கணும்ல? அது மாதிரிதான் இதுவும். ஒருத்தர் எழுத்தானா வரிசையே எழுத்தாயிடும்." அவன் விரல் வரிசையின் தலைக்குப் போயிற்று. "இந்தா, எழுந்தவர் இங்க இருக்காரு."

வரிசையின் உச்சியில், முதல் மார்க்குக்கும் மேலே, தனியாக ஓர் ஆங்கிலச் சின்ன எழுத்து இருந்தது. c. பக்கத்தில் பெயர் இல்லை, ஊர் இல்லை.

"எழுத்துங்க எல்லாம் எண்களுக்கு அப்புறம்தான் வரும். அதனால இது அறுபதை விடப் பெரிசு," என்றான் கிளாட்சன் சுரத்தில்லாமல். "அதான் பேரில்லாத ஆளு பாஸ். நான் ஏதோ வெத்து வரின்னு விட்டுட்டேன்."

"c-ன்னா?"

"தெரியல சார்."

மதலைமுத்துவின் கண்ணில் அன்றைக்கு முதல்முறையாக வெளிச்சம் வந்தது. "கமிஷன்டா! எவனோ கமிஷன்னு அடையாளம் வெச்சிருக்கான். அடிச்சது அந்தம்மா. அவங்களை அடிக்கச் சொன்னவன் யாரு? அவன்தான் நம்ம ஆளு. வண்டியை எடு."

கல்லணைக் கால்வாய்க் கரையோரம் எம்.எய்ட்டி வண்டி முனகிக்கொண்டே போனது. கால்வாய்க்குள் பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பவுண்டரி போன பந்தை எருமை ஒன்று முகர்ந்து பார்த்தது. இரண்டு பக்கமும் நிலம் வெடித்துக் கிடந்தது.

"கமிஷன்னா சார்," என்று பின்னாலிருந்து பரணி கத்தினான், "வாங்கறவன் ரகசியமா வெச்சுக்குவானா, இல்ல பட்டியல் உச்சியில தனி வரி குடுத்து எழுதி வைப்பானா?"

"உனக்குப் பொறாமை."

"இருக்கும் சார்."

திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் அம்சவல்லியின் கடை பத்துக்குப் பத்து. சுவரெங்கும் மாதிரிப் பத்திரிகைகள்: இந்தப் பக்கம் கல்யாணம், அந்தப் பக்கம் கருமாதி. அவள் வாசலில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிடைச்சுதா சார்?"

"கிடைச்ச மாதிரிதான். மார்க்கு வரிசைக்கு மேல c-ன்னு ஒரு எழுத்து இருக்கும்மா. யாரு அடிக்கச் சொன்னது?"

"c-யா? நான் எதுக்கு சார் அதை அடிக்கப்போறேன்? மார்க்கு மார்க்காத்தான் அடிச்சேன்."

"பயப்படாதீங்க. பேரைச் சொல்லுங்க போதும்."

"அட, இருந்தாத்தானே சார் சொல்றதுக்கு?" அவள் விறுவிறுவென்று உள்ளே போய்க் கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பைத் திறந்தாள். "பாருங்க. எங்க இருக்கு c?"

பரணி பார்த்தான். சிங்கப்பூருக்குப் போகும் பட்டியல் என்பதால் ஆங்கிலத்தில் அடித்த பெயர்கள், ஊர்கள், மார்க்குகள் எல்லாம் அப்படியே இருந்தன. மார்க்கு வரிசையின் உச்சியில், மானம்புச்சாவடியில் c இருந்த அதே கட்டத்தில், அழகாக வளைந்து ஒரு பிள்ளையார் சுழி இருந்தது.

உ.

இந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து இருந்தது. உகரத்தை வரவழைக்க அவள் தட்டும் விசையில் ஆங்கிலத்தில் c என்று அச்சிட்டிருந்தது. கிளாட்சனின் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து கிடையாது. அங்கே போன பிள்ளையார் அந்த ஊர் வேஷத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பரணிக்கு ஒரே சமயத்தில் நாலு ஜோக்குகள் வந்தன. பிள்ளையாருக்கு விசா, தும்பிக்கையில் வெல்டிங் ராடு, மூஞ்சூறுக்குத் தனி டிக்கெட்டா என்று வரிசையாக வந்து நின்றன. அம்சவல்லியின் முகத்தைப் பார்த்தான். ஒன்றையும் சொல்லவில்லை.

மதலைமுத்து தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். உச்சியில் அவர் போட்ட சிலுவை இருந்தது. கட்டைவிரலை அதன்மேல் வைத்து மறைத்துக்கொண்டார்.

"இதை எப்பவும் போடுவீங்களாம்மா?"

"போடாம எப்படி சார் ஒண்ணை ஆரம்பிக்கிறது? வழக்கமா நடுவுல, தலைப்புக்கு மேல போடுவேன். அன்னிக்கு மட்டும் மார்க்கு வரிசைக்கு நேரா போட்டேன். அதுலதானே அவரோட நூறு இருக்கு." அவள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். "ஏன், இதுல என்ன?"

சொல்ல வேண்டியது பரணியின் வேலை. அவன் சொன்னான். பந்தியும் இல்லை, கொம்பும் இல்லை. எழுத்து ஒன்று சேர்ந்ததால் எண்கள் எழுத்தாயின, எழுத்தானதால் நூறு தோற்றது என்று இரண்டே வாக்கியம். பரீட்சையில் இப்படிச் சுருக்கமாக எழுதியிருந்தால் ஒரு அரியராவது குறைந்திருக்கும்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் அதைப் போடாம விட்டிருந்தா?"

மதலைமுத்து மேஜைமேல் இருந்த போனை இழுத்து ரெமிஜியஸின் எண்ணைச் சுழற்றினார். விஷயத்தைச் சொன்னார். நிறைய நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். வைத்தபோது அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

"என்ன சார் சொல்றாரு?"

"நெஜத்தைக் கேட்டு பயந்துட்டாரு. டெஸ்ட் ரிசல்ட்டே தப்புன்னு வெளியில தெரிஞ்சா கம்பெனி மொத்த லிஸ்டையும் கிழிச்சிடுமாம். நல்ல மார்க் எடுத்த பசங்களும் சேர்ந்து வீட்டுல உக்காரணுமாம். இந்த பேச்சையே எடுக்காதீங்கங்கறாரு." மதலைமுத்து கையிலிருந்த தாளை மேஜைமேல் வைத்தார். "ஆனா லஞ்சம்னு நான் எழுதிக் குடுத்தா, கோவிந்தராசு பேரை அடிச்சிட்டு அரசப்பன் பேரை எழுதிடுவாராம். இப்பவும் நேரம் இருக்குங்கறாரு."

"லஞ்சம்னா, கிளாட்சன் வாங்கினதாவா?" என்று கேட்டாள் அம்சவல்லி.

"ஆமா."

"எழுதினா எங்க வீட்டுக்காரரு போயிடுவாரா?"

"போயிடுவாரு."

தாள் மேஜைமேல் இருந்தது. லஞ்சம் என்ற வார்த்தை ஏற்கெனவே அதில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தது. ஒரு பெயரும் ஒரு கையெழுத்தும்தான் பாக்கி. மதலைமுத்து பேனா மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். அம்சவல்லி அந்தப் பேனாவையே பார்த்தாள். பரணி வாசலுக்குப் போய், எதிரிலிருந்த மூடிய உரக்கடையின் பூட்டை ஆராய்ந்தான். துப்பறிவாளனின் உதவியாளன் என்ற முறையில் அன்று அவன் ஆராய்ந்த கடைசிப் பொருள் அதுதான்.

பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"அந்தத் தம்பி வாங்கலையே சார்."

"வாங்கல."

"அப்புறம் எப்படி எழுதறது?"

மதலைமுத்து பேனாவைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார். எழுதச் சொல்லியிருந்தால் எழுதியிருப்பாரா என்று பரணி பிறகு பலமுறை கேட்க நினைத்தான். கேட்கவில்லை.

அப்போதுதான் இரண்டு பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து கடை வாசலில் நிறுத்தினார்கள். ஒருவர் காக்கிச் சட்டை, நரைக்கத் தொடங்கிய கிருதா. அரசப்பன் என்று அம்சவல்லி எழுந்து நின்ற விதத்தில் தெரிந்தது. கூட வந்தவன் இருபது வயதுப் பையன். தீப்பொறியை நேராகப் பார்த்ததில் கண்கள் இரண்டும் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது.

"இவன்தான் கோவிந்தராசு சார்," என்றார் அரசப்பன். "டெஸ்ட்ல எனக்குப் பக்கத்து மேடையில நின்னவன். காலையிலேர்ந்து பட்டறையில வந்து நிக்கிறான். வேலை தெரியாம கப்பல்ல ஏறினா செத்துடுவேண்ணே, கொஞ்சம் சொல்லிக் குடுங்கண்ணேன்னு ஒரே அழுகை."

"நான் யாருக்கும் ஒண்ணும் குடுக்கல சார்," என்றான் கோவிந்தராசு அவசரமாக. "பாஸுன்னு பேப்பர் வந்துச்சு. எங்க வீட்டுல அழுதுட்டாங்க. போகலைன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

அரசப்பன் மனைவியைப் பார்த்தார். "யாருன்னு தெரிஞ்சுதா?"

மதலைமுத்து முந்திக்கொண்டார். "கம்ப்யூட்டர் கோளாறுங்க. அது வந்து..."

"நாந்தாங்க," என்றாள் அம்சவல்லி. "மார்க்குக்கு மேல சுழி போட்டேன். அதனால கணக்கு மாறிடுச்சு."

அரசப்பன் சிரிக்கத் தயாரானார். யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். "சுழி போட்டதாலயா?"

"ஆமாங்க."

"இனிமே மாத்த முடியாதா?"

முடியாது என்று அவள் தலையை ஆட்டினாள். அவர் சிறிது நேரம் சைக்கிளின் மணியைத் துடைத்துக்கொண்டு நின்றார். பிறகு அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி மதலைமுத்துவிடம் கை காட்டினார். மதலைமுத்து பானையைத் தேடிப் போனார்.

"டேய் தம்பி," என்றார் அரசப்பன் பையனைப் பார்த்து. "கண்ணைக் கசக்காத, மண்ணு உள்ள போகும். போயி மூஞ்சைக் கழுவிட்டு வா. கரண்ட் போறதுக்குள்ள இன்னும் ரெண்டு ராடு அடிச்சுப் பாத்துடலாம்."